எண்ணெய் பூசிய கடிவாளம்

கிட்ட வாங்க மக்காள். கதவை ஒருக்களித்துவிட்டு உட்காருங்கள். கச்சான் காற்று மண்ணை அள்ளிக்கொண்டு வருகிறது. கால் நீட்டுகிறவர்கள் நீட்டலாம், பிள்ளையை மடியில் வைத்திருப்பவர்கள் அப்படியே வைத்திருக்கலாம். இன்றைக்கு ஒரு குதிரையின் கதை சொல்கிறேன். ராசா ஏறிய குதிரை இல்லை. கரட்டும் லீக்ஸும் ஏற்றுகிற லொறியில் எங்கள் கல்முனைக்கு வந்து இறங்கிய கிழட்டுப் பெண்குதிரை. அதில் ஏறித்தான் ஒரு தாய் தன் பிள்ளையை மீட்டாள். பிள்ளையை யாரும் களவெடுக்கவில்லை. அதுதான் இந்தக் கதையில் உள்ள கஷ்டம்.

அந்தத் தாயின் பெயர் சுல்பிகா. புருசன் முர்ஷித், நுவரெலியாவிலிருந்து மரக்கறி ஏற்றி வந்து சந்தைக்குக் கொடுக்கிறவன். அவளுடைய சீதன வீடு கடற்கரை ஓரம் இருந்தது. கடல் பொங்கி வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு என்றால் பிள்ளைகளுக்குத் தலையிலிருந்து பாதம்வரை தேங்காய் எண்ணெய் தடவி, கிணற்றடியில் நிறுத்திக் குளிப்பாட்டுவாள். மூத்தவள் நஸ்லிமாவுக்கு ஏழு வயது, தடவி முடிந்திருந்தது. இளையவள் நிப்லாவுக்கு நாலு. எண்ணெய் கண்ணில் எரியும் என்று வளவைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். அவளைப் பிடித்து இடுப்பில் வைக்கவும் தண்ணீர் வரவும் சரியாக இருந்தது. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. இடுப்பில் இருந்தது மிஞ்சியது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யார் தலைக்கும் எண்ணெய் இல்லை. கடலிலிருந்து அறுபத்தைந்து மீட்டருக்குள் இருந்த காணி என்பதால் அங்கே திரும்பக் கட்ட விடவில்லை. வயல் பக்கத்து வீட்டுத் திட்டத்தில் ஒரு வீடு கிடைத்தது. சுல்பிகா கடல் இருக்கும் திசைக்கே முகம் திருப்புவதில்லை. ஒரு நீலத் துப்பட்டாவின் ஒரு நுனியை நிப்லாவின் மணிக்கட்டில் கட்டுவாள், மறு நுனியைத் தன் கையில். உறங்கும்போதும் அப்படித்தான். பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயது வந்ததும் துப்பட்டா எட்டவில்லை, இன்னொன்றை ஒட்டுப்போட்டுத் தைத்தாள். வகுப்பு யன்னலுக்கு வெளியே வாங்குப் பலகையில் இவள். யன்னலுக்கு உள்ளே மேசையில் பிள்ளை. இடையில் அந்த நீலத் துணி. மற்றப் பிள்ளைகள் நிப்லாவை “ஆட்டுக்குட்டி” என்று கூப்பிட்டார்கள். முதல் நாலு வருசமும் ஆசிரியர்மார் பாவம் பார்த்துப் பேசாமல் இருந்தார்கள். ஐந்தாம் வருசம், சண்டை முடிந்த வருசம், இனி வெளியே இருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சுல்பிகா பிள்ளையைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தினாள்.

அக்கரைப்பற்றிலிருந்து முர்ஷித்தின் ராத்தா, அவனுக்கு மூத்த சகோதரி ஜெசீமா வந்தது அப்போதுதான். வந்த கையோடு நிப்லாவின் சட்டைக் கையை மேலே ஏற்றிப் பார்த்தாள்.

“முர்ஷித், இஞ்ச வந்து பாரு. மாட்டுக்கண்டுட காலு மாதிரித் தழும்பு விழுந்திரிக்கி.”

“தெரியும் ராத்தா.”

“தெரிஞ்சா சும்மாவா இரிக்காய்? ஒன்பது வயசுப் புள்ள. ஓதப் போறல்ல, படிக்கப் போறல்ல, குளிக்கப் போறதும் கயித்தோட. நான் கொண்டு போறன். என்ட மகள்மாரோட ஒண்டா வளரட்டும்.”

அடுப்படியில் பாரைமீன் ஆணம் கொதித்துக்கொண்டிருந்தது. சுல்பிகா அகப்பையை வைக்காமலே வெளியே வந்தாள். பின்னால் நீலத் துணி இழுபட, பிள்ளையும் வந்தது.

“வாப்பாட பக்கத்துக்குப் புள்ளயக் குடுக்கிற வழக்கம் எங்கட ஊருல எங்க இரிக்கி மதினி?”

“உம்மாமார் புள்ளயக் கட்டி வைக்கிற வழக்கம் எங்க கா இரிக்கி?”

சுல்பிகாவின் அகப்பையிலிருந்து ஆணம் சொட்டுச் சொட்டாகச் சீமெந்தில் விழுந்தது. முர்ஷித் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்:

“நோன்புப் பெருநாள் கழிஞ்சி பள்ளிக்கூடம் துறக்கும். அண்டைக்கு நிப்லா தனியப் போவணும். நீ பின்னால போகப்படாது. ஏலாட்டி ராத்தாவோட அனுப்புவன். இதுக்கு மேல எனக்கிட்டக் கதை இல்ல.”

இதுதான் தவணை, மக்காள். ரெண்டு மாதம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண்ணுடைய வீட்டுக்கு வருவான், பிள்ளைகள் தாயின் குடியைச் சேர்ந்தவர்கள். ஒரு தாயிடமிருந்து பிள்ளையை எடுத்து மாமி வீட்டுக்கு அனுப்புவதென்றால், அந்தத் தாய் தாயே இல்லையென்று ஊரறியச் சொல்வதுதான்.

அடுத்த கிழமை முர்ஷித் செய்த காரியம் அதைவிட மோசமாகப் போயிருக்க வேண்டியது. நுவரெலியா பந்தயத் திடலில் குதிரை பராமரித்துக்கொண்டிருந்தவர் செல்லத்தம்பி, சொந்த ஊர் பாண்டிருப்பு. ஓடி முடிந்த ஒரு செவலைக் குதிரையைச் சொந்தக்காரர் வேண்டாமென்று விட, இவர் கேட்டு வாங்கிக்கொண்டார். சண்டை முடிந்துவிட்டதே, ஊருக்குப் போய்க் கடற்கரையில் ஆட்களை ஏற்றிப் பிழைப்போம் என்ற எண்ணம். முர்ஷித்தின் லொறியில் லீக்ஸ் கட்டுகளுக்கு நடுவே குதிரையை நிறுத்திக் கொண்டுவந்தார்கள். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் சிப்பாய் டோர்ச் அடித்துப் பார்த்து, எல்லாருடைய அடையாள அட்டையையும் கேட்டானாம். செல்லத்தம்பி குதிரையைக் காட்டி, “இதுக்கு இன்னும் வரல்ல ஐயா, விண்ணப்பம் போட்டிருக்கு” என்று அரைகுறைச் சிங்களத்தில் சொன்னாராம். அவன் சிரித்துவிட்டு மூன்று கரட்டை எடுத்துத் தானே குதிரைக்குத் தின்னக் கொடுத்தான்.

இறங்கியாயிற்று. குதிரையை எங்கே கட்டுவது? சும்மா கிடக்கிற இடம் என்று முர்ஷித் கடற்கரைக் காணியைக் காட்டிவிட்டான். சுல்பிகாவை ஒரு சொல் கேட்கவில்லை.

அவளுக்குச் சேதி சொன்னது செல்லத்தம்பியின் அக்கா செல்லத்தங்கம். புல்லுக்கத்தியோடு வாசலில் வந்து நின்றாள்.

“புள்ள, உன்ட கடக்கரை வளவுல அறுகம்புல்லு தளதளண்டு நிக்குது. வெட்டிக்கிடட்டா? தம்பிட குதிரைக்கு.”

“எந்தக் குதிரை?”

“உன்ட வளவுல கட்டிக் கிடக்கிற குதிரைதான். உனக்குத் தெரியாதா? ஐயோ, நான் வாயக் குடுத்திட்டனா.”

ஐந்து வருசமாகக் கிழக்கே ஓர் ஒழுங்கை, ஒரு சின்னத் தெரு கூடத் தாண்டாத சுல்பிகா, அன்றைக்கு அந்தக் கோபத்தில் ஏழு ஒழுங்கை தாண்டினாள். துப்பட்டாவின் மறுமுனையில் நிப்லா ஓட்டமும் நடையுமாகப் போனாள். கடல் இரைச்சல் காதில் விழுந்ததும் சுல்பிகா வளவு வாசலில் நின்றுவிட்டாள். வீடு இருந்த இடத்தில் சீமெந்துத் தரை மட்டும். அடுப்படித் தரையில், அம்மி கிடந்த மூலையில், ஒரு செவலைக் குதிரை நின்று வாலால் ஈ விரட்டிக்கொண்டிருந்தது.

“ஆரக் கேட்டுக் கட்டினீங்க?”

செல்லத்தம்பி நாற்பது வயதுக்காரர், மெலிந்த ஆள். வாளியோடு திரும்பினார். “முர்ஷித் தம்பி சொன்னவர், தங்கச்சி.”

“அவர் ஆரு சொல்ல? இது என்ட உம்மா எனக்குத் தந்த காணி. அவிழ்த்துக் கொண்டு போங்க.”

“ஓம், கொண்டு போறன். அறுகம்பேயில ஒரு இடம் கேட்டிருக்கன், மாரிக்கு முதல் போயிருவன். இப்ப தண்ணி வைக்காட்டி வயிறு கட்டிக்கும். இந்தக் கயித்த ஒரு நிமிசம் பிடிங்க, கிணத்தில அள்ளிட்டு வந்திடுறன்.”

கேட்டுக்கொண்டே கயிற்றை அவள் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். சுல்பிகாவுக்கு ஒரு பிடிதான் தெரியும். கயிற்றை உள்ளங்கையில் ரெண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினாள். குதிரை தலையை உயர்த்தியது. அவள் இன்னும் இறுக்கினாள். குதிரை கண்வெள்ளை தெரியப் பின்னால் போனது; அவளும் இழுபட்டாள்; அவளோடு கட்டியிருந்த பிள்ளையும் இழுபட்டது.

“சுத்தாதீங்க தங்கச்சி, கையில சுத்தாதீங்க! விட்டுப் பிடிங்க!”

“விட்டா ஓடிரும்!”

“நீங்க இழுக்கிறதாலதான் ஓடுது. விட்டுப் பிடிங்க. கயிறு கையில இருக்கட்டும், இறுக்கம் வேணாம்.”

எப்படி விட்டாளோ தெரியாது. கயிறு தொய்ந்தது. குதிரை நின்றது. ஒரு பெருமூச்சு விட்டு, மெல்ல முன்னால் வந்து, அவள் தோளுக்குப் பக்கத்தில் தலையைத் தாழ்த்தியது. நிப்லா அதன் நெற்றியைத் தொட்டுவிட்டுச் சிரித்தாள். அந்தப் பிள்ளை வாய்விட்டுச் சிரித்துச் சுல்பிகா கேட்டுக் கனகாலம்.

மறுநாள் விடியற்காலை சுபஹ் தொழுத கையோடு, “குதிரை போயிற்றாண்டு பாக்கப் போறன்” என்று புறப்பட்டாள். அதற்கு அடுத்த நாளும் அதே சாட்டுத்தான். ஒரு கிழமையில் சாட்டுச் சொல்வதையும் விட்டுவிட்டாள்.

அங்கே வேலை இருந்தது. புல் உதறிப் போட வேண்டும், லத்தி அள்ள வேண்டும், குளம்புக்குள் சிக்கிய கல்லை ஆணியால் கிண்டி எடுக்க வேண்டும். செல்லத்தங்கம் தப்பிப் பிழைத்த ஒற்றைத் தென்னையின் கீழ் ஓலைக் கிடுகு பின்னிக்கொண்டு காவலுக்கு இருப்பாள். அவள் இல்லாத நாளில் சுல்பிகா வளவுக்குள் போவதில்லை.

அந்தக் குதிரையிடம் ஒரு குணம் இருந்தது. எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் மாடு பழக்கிய கை. மாடு நிற்க வேண்டுமென்றால் மூக்கணாங்கயிற்றை இழுப்போம். பந்தயக் குதிரைக்கு அது தலைகீழ். கடிவாளத்தை இழுத்துப் பிடித்தால் அது ‘ஓடு’ என்று எடுத்துக்கொள்ளும். முர்ஷித் ஒருநாள் பெருமைக்கு ஏறினான். குதிரை நடந்தது, பயந்துபோய் இழுத்தான், அது ஓடியது, இன்னும் இழுத்தான், அது பறந்தது. சாய்ந்தமருதுக் கரையில் மணலில் விழுந்து கிடந்தவனை மீன்காரர்கள் தூக்கிவந்தார்கள்.

“காத்துல கரட் லொறி போகுதெண்டு பாத்தன்” என்றாள் செல்லத்தங்கம்.

சுல்பிகா அன்றைக்குச் சிரிக்கவில்லை. குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அண்ணன், நான் ஏறட்டா?” என்றாள்.

செல்லத்தம்பி யோசித்தார். “ஏறலாம். துப்பட்டாவ அவிழ்க்கணும்.”

“புள்ளயையும் முன்னால வச்சிக்கிறன்.”

“ரெண்டு பேரைக் கட்டிக்கிட்டு ஏத்த மாட்டன். விழுந்தா ரெண்டு பேரும் விழுவீங்க. ஒராள் மிஞ்சணும், தங்கச்சி.”

அந்தச் சொல்லைக் கேட்டு அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்று நாள் வரவில்லை. நாலாம் நாள் வந்தாள். நோன்பு தொடங்கியிருந்தது. முடிச்சு ஐந்து வருசத்து முடிச்சுப்போல இறுகிக் கிடந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தாள். நிப்லாவைச் செல்லத்தங்கத்தின் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

“அசையப்படாது.”

“ஓம் உம்மா.”

“ஓலை கீறிரும், கைய வைக்காத.”

“ஓம் உம்மா.”

“என்னப் பாத்துக்கிட்டே இரி.”

“ஏறுங்க உம்மா.”

சேணத்தில் உட்கார்ந்ததும் கடிவாள வார் கையில் வழுக்கியது. முகர்ந்து பார்த்தாள். தேங்காய் எண்ணெய். வாரை உதறி எறிந்துவிட்டு இறங்கப் பார்த்தாள்.

“உப்புக்காத்துக்குத் தோல் வெடிக்கும், அதுக்காகப் பூசினன்” என்றார் செல்லத்தம்பி. “என்ன தங்கச்சி?”

குதிரைக் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அவள் சொன்னாள். ஐந்து வருசத்தில் புருசனிடமும் சொல்லாத கதை. “இறுக்கித்தான் புடிச்சன், அண்ணன். சத்தியமா இறுக்கித்தான் புடிச்சன். எண்ணெய்க் கை. இறுக்க இறுக்க வழுக்கிப் போயிற்று. நான் விடல்ல.”

செல்லத்தங்கம் பின்னின ஓலை கையில் அப்படியே நின்றது. குதிரை மட்டும் மூச்சை வாங்கி விட்டது; அது மூச்சு விட, மேலே கிடந்த சுல்பிகாவும் ஏறி இறங்கினாள்.

“விடல்ல எண்டு தெரியும், மகள்” என்றாள் செல்லத்தங்கம். “அண்டைக்கு என்ட புருசனையும் நான் விடல்ல.”

அன்றைக்குத் தென்னையைச் சுற்றி ஒரே ஒரு வட்டம். செல்லத்தம்பி கயிற்றைப் பிடித்து நடத்தினார். அடுத்த கிழமை கயிறில்லாமல். அவர் சொல்லிக் கொடுத்தது இதுதான்: முதுகை நிமிர்த்து, தோளை இறக்கு, வார் முட்டையைப் பிடித்த மாதிரி இருக்கட்டும், நீ பதறினால் அதற்குத் தெரியும், அது பதறினால் நீ பதறாதே. நோன்பின் கடைசிப் பத்து நாளில் ஈர மணலில் தனியே போய் வந்தாள். சோற்றை மூன்று கவளத்தோடு தள்ளி வைக்கிறவள், நோன்பு திறந்ததும் ரெண்டு கோப்பை கஞ்சி குடித்தாள். துப்பட்டா வீட்டில் மட்டும் கட்டப்பட்டது. பிறகு உறங்கும்போது மட்டும்.

ஊர் சும்மா இருக்குமா? ஒரு பெரியவர் கரையில் நின்று, பொம்புள குதிரை ஏறுறது எந்த ஊர் வழக்கம் என்று கேட்டார். செல்லத்தங்கம் கிடுகிலிருந்து தலையைத் தூக்கினாள். “அந்தக் காலத்துல அரபுப் பொம்புளைகள் ஒட்டகத்தில ஏறலாமெண்டா குதிரையில ஏறப்படாதா காக்கா?” அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனார். ஆனால் சேதி அக்கரைப்பற்றுக்கும் போயிற்று.

பெருநாள் கழிந்து பள்ளிக்கூடம் திறக்கிற நாளுக்கு முதல் நாளே ஜெசீமா வந்துவிட்டாள், பிள்ளைக்கென்று ஒரு வெறும் சூட்கேசோடு. விடிந்ததும் சுல்பிகா நிப்லாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டாள். எண்ணெய்ப் போத்தலை எடுத்தாள், மூடியைத் திறக்கக் கை வரவில்லை, திரும்ப வைத்தாள். வறண்ட தலையோடே பின்னிவிட்டாள். அடுத்த வீட்டுப் பிள்ளைகள் வாசலில் கூப்பிட்டார்கள். நிப்லா போனாள். வளைவில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், பிறகு தெரியவில்லை.

சுல்பிகா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல்நுனி வெளுத்துவிட்டது.

“இப்ப ஓடுவாய் பின்னால” என்றாள் ஜெசீமா.

“ஓட மாட்டன் மதினி. இஞ்ச நிண்டா ஓடிருவன். குதிரைக்கிட்டப் போறன்.”

“பைத்தியம் முத்திற்று” என்ற ஜெசீமாவின் குரல் முதுகில் விழ, அவள் கிழக்கே நடந்தாள்.

குதிரையை ஈர மணலில் நடத்திக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. எங்கிருந்தோ ஒரு கூச்சல்: “கடல் வருகுது! கடல் வருகுது!” அந்த வருசங்களில் கரையிலிருந்த நாங்கள் எத்தனை தரம் அந்தக் கூச்சலுக்கு ஓடியிருக்கிறோம்! யாரோ சொல்வார்கள், யாரும் நின்று கேட்பதில்லை. ஒழுங்கைகளில் கதவுகள் அடித்தன, ஆட்டோக்கள் அலறின, பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடினார்கள்.

குதிரை மிரண்டு பாய்ந்தது. சுல்பிகாவின் கை பழைய கையானது. முழுப் பலத்தோடு வாரை இழுத்தாள். குதிரை காதுகளை மடக்கிக்கொண்டு வடக்கே பறந்தது. இன்னும் இழுத்தாள், இன்னும் பறந்தது. எண்ணெய் வார் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு வழுக்கியது. நிப்லா பள்ளிக்கூடத்தில். தான் அவளைவிட்டுத் தூரமாக, தூரமாகப் போய்க்கொண்டிருக்கிறாள்.

கத்தினாளா தெரியாது. முதுகு நிமிர்ந்தது, அதுதான் முதல். தோள் இறங்கியது. பிறகு, மக்காள், அவள் கையை விட்டாள். முழுக்க இல்லை, முட்டையைப் பிடிக்கிற மாதிரி. மூச்சை உள்ளே இழுத்து வெளியே விட்டாள், குதிரைக்குக் கேட்கிற மாதிரி. பத்துப் பாய்ச்சலில் வேகம் தணிந்தது. இருபதில் நடை. பாண்டிருப்புக் கரையில் குதிரை வேர்த்து நின்றது. சுல்பிகா தலையைத் திருப்பிக் கடலைப் பார்த்தாள்.

ஐந்து வருசத்துக்குப் பிறகு முதல் தரம். நுரை, அலை, அலைக்குப் பின்னால் அலை. ஈர மணல் எல்லை நேற்றைய இடத்திலேயே இருந்தது. கொஞ்சத் தூரத்தில் ஒரு தோணி வலை வளைத்துக்கொண்டிருந்தது. தோணிக்காரன் இவளைக் கண்டு கையை ஆட்டினான். கடல் அதன் இடத்தில் இருந்தது. அவள் போதுமான மட்டும் பார்த்தாள், பிறகு குதிரையைத் திருப்பினாள்.

ஊர் மேற்கே ஓட, அவள் ஒழுங்கைகளுக்குள்ளால் குதிரையை நடத்திக்கொண்டு போனாள். ஓடவிடவில்லை. “கடல் வரல்ல, நான் பாத்துட்டு வாறன்” என்று போகிற வழியெல்லாம் சொன்னாள். சிலர் நின்றார்கள். குதிரையில் ஒரு பெண் இப்படி ஆறுதலாகப் போனால், கடல் வராதென்றுதானே நினைப்பார்கள்.

பள்ளிக்கூட வாசலில் சனம். ஆசிரியைமார் பிள்ளைகளை மாடிக்கு ஏற்றி வரிசையில் வைத்திருந்தார்கள். கீழே படியில் ஜெசீமா, செருப்பில்லாமல், தலைத்துணி நழுவ, நிப்லாவின் மணிக்கட்டை ரெண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அக்கரைப்பற்றில் அவள் வீடு கடலிலிருந்து தள்ளி, ஊருக்கு உள்ளே. கடல் வந்ததை அவள் கண்டதில்லை, கேட்டதுதான்.

“மாமி, நோகுது மாமி” என்று பிள்ளை அழுதது.

சுல்பிகா இறங்கினாள். வாரைச் சுவர்க்கம்பியில் போட்டாள். பிள்ளையைப் பாய்ந்து பறிக்கவில்லை. ஜெசீமாவுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

“மதினி, கைய இறுக்காதீங்க.”

“கடல் வருகுது கா! புள்ளயக் கொண்டு ஓடணும்!”

“வரல்ல. நான் கடலப் பாத்துட்டுத்தான் வாறன்.”

“நீயா?”

“நான்தான். விட்டுப் புடிங்க மதினி. அவள் எங்கயும் போக மாட்டாள்.”

ஜெசீமா அவளுடைய உள்ளங்கையைப் பார்த்தாள். வார் அறுத்த கோடு, ரத்தமும் எண்ணெயும். பிறகு தன் கையைப் பார்த்தாள். அதற்குள் நிப்லாவின் மணிக்கட்டு, பழைய தழும்புக்கு மேலே புதிதாகச் சிவந்து. மெல்ல விரல்கள் விரிந்தன.

“இந்தப் பயத்தோடயா கா அஞ்சி வருசமா இரிந்தாய்?” என்றாள்.

மாடியிலிருந்து ஆசிரியை, “நிப்லா, வரிசைக்கு வாங்க” என்று கூப்பிட்டார். பிள்ளை உம்மாவின் முகத்தைப் பார்த்தது.

“போ மகள். நான் ஊட்டுல இரிக்கன்” என்றாள் சுல்பிகா.

முர்ஷித் சந்தையிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்து சேர்ந்தபோது, ரெண்டு பெண்களும் குதிரையைப் பிடித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். நாலடி தள்ளித்தான் என்றாலும், ஜெசீமாவும் வாரில் ஒரு விரல் வைத்திருந்தாள்.

மறுநாள் விடிய அந்த வீட்டில் தேங்காய் எண்ணெய் வாசம். அறுபட்ட உள்ளங்கை எரிய எரிய, சுல்பிகா நிப்லாவின் தலைக்கு எண்ணெய் தேய்த்தாள். ஜெசீமா வெறும் சூட்கேசோடு அக்கரைப்பற்று பஸ்ஸுக்குப் போனாள். நீலத் துப்பட்டாவைச் செல்லத்தம்பி கேட்டு வாங்கி, நாலாக மடித்துச் சேணத்துக்குக் கீழே விரித்துக்கொண்டார். மாரிக்கு முதல் குதிரை அறுகம்பேக்குப் போனபோது அதுவும் கூடவே போயிற்று.

கதை அவ்வளவுதான், மக்காள். எழும்புங்கள், காற்றும் தணிந்துவிட்டது. உங்கள் வீட்டுக் கிணற்றில் உப்பு ஏறாமல் இருக்கட்டும். உங்கள் அடுப்பில் ஆணம் வற்றாமல் இருக்கட்டும். உங்கள் வாசலைத் தாண்டிப் போகிற பிள்ளைகள், எண்ணெய் மினுங்கும் தலையோடு, அதே வாசலுக்குத் திரும்பி வரட்டும். அவர்களைப் பார்த்திருக்கிற கைகளுக்கு அல்லாஹ் நடுக்கமில்லாத பலத்தையும் பறக்கத்தையும் தரட்டும். ஆமீன்.